பூநாரைக்கு எடுத்துவைத்த தோட்டா

என் கணவருக்கு இரண்டு விஷயங்களில் பேச்சு ஓயாது. ஒன்று, அவருடைய அப்பா. இன்னொன்று, அப்பா விட்டுப்போன ரைஃபிள். முதலாவதைக் கல்யாணமான புதிதிலேயே கேட்டுத் தீர்த்துவிட்டேன். இரண்டாவது இன்றுவரை முடிந்தபாடில்லை.

பெருமுக்கல் மலைக்குக் கிழக்கே எங்கள் ஊர். மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையும் தர்பூசணியும் போடுகிற குடும்பம். மரக்காணத்தில் குத்தகைக்கு எடுத்த உப்பளமும் உண்டு. பன்றி வந்து மல்லாட்டைக் கொல்லையைக் கிளறிவிட்டுப் போகிறது என்று மனுப் போட்டு, பயிர்க்காவலுக்காக மாமனார் துப்பாக்கி லைசென்ஸ் வாங்கியிருந்தார். அவர் காலமான பிறகு அது மகன் பேருக்கு மாறியது. எனக்குத் தெரிந்து அந்த ரைஃபிளால் ஒரு பன்றியும் செத்ததில்லை. பன்றியை விரட்டியதெல்லாம் நானும் கூலியாட்களும் தட்டிய தகர டின்தான். ரைஃபிள் பீரோவுக்குப் பக்கத்தில் பச்சை உறைக்குள் சொகுசாகச் சாய்ந்திருந்தது. என் தலைக்கு எண்ணெய் வைக்க நேரமில்லாத வீட்டில், அதற்கு மட்டும் வாரம் தவறாமல் எண்ணெய்க் குளியல் நடந்தது.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். 2004 தேர்தலுக்கு ஒப்படைத்துவிட்டு வந்தவர், பெண்ணைக் கட்டிக்கொடுத்த அப்பன் மாதிரி சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். திரும்பக் கைக்கு வந்த அன்று எனக்கு மல்லிப்பூ வாங்கிவந்தார். அது எனக்காக வாங்கிய பூ இல்லை என்பது புரியாத அளவுக்கு நான் ஏமாளி இல்லை.

அந்தச் சமயத்தில்தான் பாண்டிச்சேரியில் டைல்ஸ் கடை வைத்திருந்த ஒருவர் அவருக்குச் சிநேகிதரானார். வீட்டுத் தரைக்கு டைல்ஸ் பார்க்கப் போன இடத்தில் ஒட்டிக்கொண்ட சிநேகம். தரைக்கு டைல்ஸ் வந்ததோ இல்லையோ, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த மனிதர் வந்தார். அவரிடம் துப்பாக்கி கிடையாது. சுட்டும் பழக்கமில்லை. ஆனால் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, தூரத்து வேட்டைக்கு எந்தக் குண்டு நல்லது என்று இங்கிலீஷில் இருப்பதையெல்லாம் பிரின்ட் எடுத்துக் கட்டுக்கட்டாகக் கொண்டுவருவார். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஃபேனுக்குக் கீழே அதைப் பரப்பிவைத்துக்கொண்டு இரண்டு பேரும் படிப்பார்கள். பரீட்சைக்குக்கூட என் கணவர் அப்படிப் படித்திருக்க மாட்டார். படித்திருந்தால் பத்தாவதில் நின்றிருக்க மாட்டார்.

குண்டின் எடை கூடினால் காற்றுக்கு அவ்வளவாக விலகாது. பின்பக்கம் படகு மாதிரி ஒடுங்கியிருந்தால் தூரம் போகும். முனை கூராக இருந்தால் வேகம் குறையாது. காபி கொடுக்கப் போகும்போதெல்லாம் காதில் விழுந்து எனக்கே மனப்பாடமாகிவிட்டது. திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் ரைஃபிளை எடுத்துப்போகாத மனிதர், எங்கோ பனிமலையில் ஆடு சுடுகிறவன் எந்தக் குண்டைப் போடுகிறான் என்று கவலைப்பட்டார். இவ்வளவும் படித்துவிட்டுக் கடைக்குப் போனால், லைசென்ஸ் கடைக்காரன் அலமாரியில் என்ன இருக்கிறதோ அதைத்தான் எடுத்துக் கொடுப்பான்.

ஆக, உண்மையில் அவர்கள் கையில் இருந்தது இரண்டே ரகம். கடையில் வாங்கியதற்கு ஈயமுனை. பட்ட இடத்தில் விரிந்து சதையைக் கிழித்துவிடுமாம். அதை ‘சாஃப்ட்’ என்பார்கள். மாமனார் காலத்தில் வாங்கி மிஞ்சியது ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொஞ்சம் கிடந்தது. அதன் முனையை முழுக்கச் செம்பு மூடியிருக்கும். நுழைந்த வேகத்தில் சின்ன ஓட்டையாகத் துளைத்து மறுபக்கம் வெளியே போய்விடுமாம். அது ‘ஹார்டு’. இந்த இரண்டில் எது என்பதுதான் எங்கள் வீட்டில் மாசக்கணக்கில் நடந்த வழக்கு.

இப்போது என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்குத் தாய்வீடு என்றால் அவன்தான். அவனுக்குச் சொந்த நிலம் கிடையாது. என் கணவர்தான் உப்பளத்தை மேற்பார்க்கும் வேலையை அவனுக்குக் கொடுத்திருந்தார். கொடுத்தார் என்பதை இரண்டு பேருமே மறந்ததில்லை. ‘மாப்ள’ என்று வாய் நிறையக் கூப்பிடுவான். மாப்பிள்ளை தும்மினால் இவன் துண்டை எடுத்துக்கொண்டு ஓடுவான். எனக்கு அது பிடிக்காது. ஆனால் புருஷனும் கூடப் பிறந்தவனும் ஒற்றுமையாக இருக்கிறார்களே, இதைப்போய்க் குறை சொல்வதா என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

சுனாமி எங்கள் உப்புப் பாத்திகளில் சேற்றைக் கொட்டிவிட்டுப் போனது. அண்ணன்தான் ஆட்களை வைத்துச் சேற்றை வாரி, பாத்தித் தரையை மறுபடி மிதித்துக் கெட்டிப்படுத்தினான். உப்பு, மண் ஒட்டாமல் வெள்ளையாக வர வேண்டுமென்றால் தரை கல்லு மாதிரி இறுக வேண்டும். வரிசையாக நின்று காலாலேயே மிதிப்பார்கள். அண்ணனும் அவர்களோடு சேர்ந்து மிதித்தான். இந்த வருஷம் தரை சிமென்ட் மாதிரி வந்திருக்குது என்று என் கணவர் ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டார்.

பாத்திகளுக்கு அந்தப் பக்கம், இன்னும் சரிசெய்யாமல் தண்ணீர் தேங்கிக் கிடந்த இடத்தில் அந்த வருஷம் பூநாரைகள் இறங்கின. கடலோரக் குப்பங்களில் ஜனங்கள் இன்னும் கூடாரத்தில் கிடந்தார்கள். வலை போனவன், வீடு போனவன், பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் அழுகை. என் கணவருக்கும் டைல்ஸ்காரருக்கும் கண்ணில் பட்டது அந்தப் பறவைகள்தான். உப்பளத்தில் மறைந்துபோக ஒரு புதர் கிடையாது. மனுஷன் வரப்பில் கால் வைத்தாலே அவை எழும்பிவிடும். அதனால் தூரத்திலிருந்தே அடிக்க வேண்டும், இதுதான் நமக்குச் சரியான பரீட்சை என்று டைல்ஸ்காரர் கொம்பு சீவிவிட்டார்.

“அத சுட்டா ஜெயிலுங்க. வேணாங்க” என்றேன்.

“உப்பளத்துல மத்தியானம் யாரு இருக்குறா? நீயே போயி சொன்னாத்தான் உண்டு” என்றார் என் கணவர்.

அதைத் தின்னக்கூடப் போவதில்லை. டைல்ஸ்காரர் டிஜிட்டல் கேமரா வாங்கியிருந்தார். இறக்கையை இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்து, ரைஃபிளோடு நின்று போட்டோ எடுக்க வேண்டும். அதற்குப் பறவை கிழியக் கூடாது. சாஃப்ட் போட்டால் வெறும் இறகுதான் மிஞ்சும், ஹார்டுதான் சரி என்று ஒருவழியாக வழக்குத் தீர்ந்தது. ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கவிழ்த்து, களிம்பு ஏறாத தோட்டாக்களாகப் பொறுக்கி எடுத்து, வேட்டி முனையால் துடைத்துத் துடைத்துத் தனியாக எடுத்துவைத்தார். எனக்கு ஒரு புடவையை அப்படி அக்கறையாக அவர் எடுத்ததில்லை.

மாசி மாசத்து ஞாயிற்றுக்கிழமை. உப்பளத்தில் வேலை காலையிலேயே முடிந்துவிடும், மத்தியானம் ஈ காக்கை இருக்காது. சோறும் இறால் தொக்கும் செய்து எடுத்துக்கொண்டு, டைல்ஸ்காரர் காரில் நானும் போனேன். பம்ப் ஷெட் நிழலில் உட்கார்ந்து பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். என் கணவர் வரப்பில் மணல் மூட்டையைப் போட்டு அதன்மேல் ரைஃபிளை வைத்துப் படுத்தார். அண்ணன், பனையோலை போட்டு மூடிய ஓர் உப்பு அம்பாரத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். பறவை விழுந்ததும் யார் கண்ணிலும் படாமல் தண்ணீரில் இறங்கித் தூக்கிவர வேண்டியது அவன் வேலை. அம்பாரம் நன்றாக வலதுபக்கம் தள்ளி இருந்தது. குண்டு போகும் வழிக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லை என்று டைல்ஸ்காரர் கையை நீட்டி நீட்டிக் கணக்குச் சொன்னார்.

காற்றைக் கணக்குப் போட்டார்கள். எடையைக் கணக்குப் போட்டார்கள். கானல் அடிக்கிற நேரத்தில் தூரம் எப்படித் தெரியும் என்றுகூடப் பேசினார்கள். கீழே தரை என்று ஒன்று இருப்பதை மட்டும் இரண்டு அறிவாளிகளும் மறந்துபோனார்கள். அண்ணனும் ஆட்களும் மிதித்து மிதித்துக் கல்லாக்கிய தரை. என் கணவரே ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட தரை.

வெடித்தது. பூநாரைகள் அத்தனையும் ஒன்றாக எழும்பிப் போயின. ஒன்றின் இறகுகூட விழவில்லை. குண்டு பாதி தூரத்திலேயே தாழ்ந்து பாத்தித் தரையில் பட்டு, குளத்தில் எறிந்த ஓட்டாஞ்சில்லு மாதிரித் தெறித்து வலதுபக்கம் போயிருக்கிறது. ‘மாப்ள!’ என்று அண்ணன் கத்தியது கேட்டது. வலியில் ‘அம்மா’ என்று கத்தாமல் ‘மாப்ள’ என்று கத்துகிறவனை நான் அன்றுதான் பார்த்தேன்.

முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, வெளிப்பக்கச் சதையில் பட்டிருந்தது. குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றி நான்தான் கழுவினேன். ஓர் ஓட்டை தெரிந்தது. காலைத் திருப்பி, உள்பக்கம், பின்பக்கம் எல்லாம் துடைத்துப் பார்த்தேன். இன்னொரு ஓட்டை இல்லை.

காரில் போகும்போது அண்ணனின் காலை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். முன்சீட்டில் இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில் என்ன சொல்வது என்று பேசினார்கள். துப்பாக்கிக் காயம் என்றால் டாக்டர் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். பூநாரை விஷயம் வெளியே வரும். லைசென்ஸ் போகும். ஜெயில்கூட வரலாம்.

“ஒண்ணும் பயமில்ல சார். போட்டது ஹார்டு. உள்ள நிக்கவே நிக்காது. அப்பவே வெளிய போயிருக்கும்” என்றார் டைல்ஸ்காரர்.

“ஒரே ஓட்டைதாங்க இருக்குது” என்றேன்.

“நீ சும்மா இரு. ஹார்டுன்னா இன்னான்னு உனக்குத் தெரியுமா?” என்றார் என் கணவர்.

திண்டிவனம் பக்கத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். பம்ப் ஷெட்டில் கம்பி குத்திவிட்டது என்றார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாமா என்று டாக்டர் கேட்டார். கம்பியை அப்போதே பிடுங்கிவிட்டோம், எலும்பில் படவில்லை என்று என் கணவர் சொன்னார். அண்ணனும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினான். மருந்து வைத்துக் கட்டி, ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். அண்ணியால் தனியாகச் சமாளிக்க முடியாதென்று அவனை எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்தேன்.

ஒரு வாரம் ஆவதற்குள் கால் வீங்கித் தோல் பளபளத்தது. காய்ச்சல் இறங்கவில்லை. கட்டை அவிழ்த்தால் வாடை அடித்தது. நான் கரடியாய்க் கத்தினேன். என் கணவர் பாண்டிச்சேரிக்குப் போன் போட்டார். டைல்ஸ்காரர் வந்தார். பழமோ பிஸ்கட்டோ வாங்கிவரவில்லை, பேப்பர் கட்டோடு வந்தார். காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்தவனின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, தரையில் பட்டுத் திரும்பிய ஹார்டு குண்டு உடையுமா உடையாதா என்று இரண்டு பேரும் விவாதம் நடத்தினார்கள். உடையாது என்று முடிவானது. உடையாத குண்டு உள்ளே நிற்காது என்றும் முடிவானது. அப்படியானால் அது உரசிக்கொண்டுதான் போயிருக்க வேண்டும் என்றார் டைல்ஸ்காரர்.

“உரசுனா கீறல் விழும். ஓட்டை விழுமாங்க?” என்று கேட்டேன்.

டைல்ஸ்காரர் அடுத்த பேப்பரைப் புரட்டினார். ஒரு மனிதனின் காலைவிட அவர்களுக்கு அந்தப் பேப்பரில்தான் நம்பிக்கை இருந்தது. எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தில் அந்தப் பேப்பர் கட்டை அடுப்பில் போட்டிருந்தால் என் வயிற்றெரிச்சல் கொஞ்சம் தணிந்திருக்கும். போடவில்லை.

மறுநாள் என் கணவர் கொல்லைக்குப் போயிருந்த நேரத்தில், ஓர் ஆட்டோவைக் கூப்பிட்டு அண்ணனை ஏற்றினேன். “மாப்ள வந்துடட்டும்மா” என்று புலம்பிக்கொண்டே வந்தான். பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரி. ஒரு பெண் டாக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, எப்படி ஆச்சு என்று கேட்டார்.

“கம்பி குத்திடுச்சுங்க” என்றான் அண்ணன்.

“துப்பாக்கி குண்டு டாக்டர்” என்றேன் நான். “உள்ளயே இருக்குது.”

எக்ஸ்ரேயில் இருந்தது. செம்பு உறை கிழிந்து, ஈயம் நசுங்கி, எலும்பை ஒட்டிக் கோணலாக உட்கார்ந்திருந்தது. உடையாத குண்டு உடைந்து கிடந்தது. அன்றைக்கே அறுவை செய்து எடுத்தார்கள். இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் முழங்காலோடு எடுத்திருப்போம் என்று அந்த டாக்டர் என்னைத்தான் திட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். கால் தங்கியது. ஆனால் நரம்பு போய்விட்டது, பாதத்தை மேலே தூக்க முடியாது, முழங்கால் முழுசாக மடங்காது என்றார்கள்.

போலீஸ் வந்தது. நான் நடந்ததை நடந்தபடி சொல்லத் தயாராக இருந்தேன். என்னிடம் வருவதற்கு முன்னால் அண்ணனிடம் போனார்கள். மல்லாட்டைக் கொல்லையில் பன்றி விரட்டும்போது நான்தான் குறுக்கே ஓடினேன், மாப்பிள்ளை மேல் ஒரு தப்பும் இல்லை என்று அவன் எழுதிக் கொடுத்துவிட்டான். உப்பளம் இல்லை, பூநாரை இல்லை, டைல்ஸ்காரர் என்றொருவர் பிறக்கவே இல்லை. என் தங்கச்சிக்கு ஒன்றும் தெரியாது, பயந்துபோயிருக்கிறாள் என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறான். அதனால் என்னிடம் அவர்கள் எதுவும் கேட்கவே இல்லை.

அவர்கள் போன பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டான். நன்றாயிருக்கிறாயா, சாப்பிட்டாயா என்று கேட்பான் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

“உன்ன யாரு வாயத் தொறக்கச் சொன்னது?” என்றான். “போனா ஒரு காலுதான போயிருக்கும். நாளைக்கு அவரு உன்ன வூட்டுக்கு வராதன்னு சொல்லிட்டா, உன்ன வெச்சிப் பாக்க எங்கிட்ட இன்னா இருக்குது? என் வேலையும் போவும். யோசிச்சியா நீ?”

அவன் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. அவன் காலைவிட நான் அவனுக்குப் பெரிய பாரம். அதை அவன் மறைத்துக்கூடப் பேசவில்லை. அதற்குப் பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டவன், டிஸ்சார்ஜ் ஆகும்வரை என்னிடம் பேசவில்லை. என் கணவர் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து தலைமாட்டில் உட்கார்ந்தால் மட்டும் எழுந்து உட்காருவான்.

வீட்டில் என் மாமியார் அக்கம்பக்கத்தாரிடம், புருஷனைப் போலீசில் காட்டிக்கொடுத்தவள் என்று என் காதுபடச் சொன்னார். என் கணவர் திட்டவில்லை, அடிக்கவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிட்டார். தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைத் தரையில் தட்டினார். ரைஃபிளை ஸ்டேஷனில் வாங்கி வைத்திருந்தார்கள். அது இல்லாத மூலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கால் விளங்காமல் போனது தனக்குத்தான் என்பது போல இருக்கும் அவர் உட்கார்ந்திருக்கும் விதம். எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. வரும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

விசாரணை ஒன்றுமில்லாமல் முடிந்து, மார்கழியில் ரைஃபிள் வீட்டுக்கு வந்துவிட்டது. தை பிறந்தது. 2006ஆம் வருஷத்துப் பொங்கல். பொங்கலுக்கு அண்ணன் வரிசை கொண்டுவருவான். பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள்கொத்து, கரும்பு, ஒரு புடவை. தட்டைத் தங்கச்சி கையில் கொடுப்பதுதான் முறை. இந்த வருஷம் வர மாட்டான் என்றே நினைத்திருந்தேன். வராவிட்டால் இந்த வீட்டில் என் நிலைமை என்ன ஆகும் என்று உள்ளுக்குள் பயமும் இருந்தது.

வந்தான். ஒரு காலைத் தரையில் இழுத்துக்கொண்டே, அண்ணி தட்டைப் பிடித்துக்கொள்ள, வாசலில் ஏறினான். நான் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் போனேன். அவன் என்னைத் தாண்டிப் போய், தட்டை வாங்கி என் கணவர் கையில் கொடுத்தான்.

இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். என் கணவர் உறையை அவிழ்த்து ரைஃபிளை அவனிடம் காட்டினார். ஸ்டேஷனில் வைத்திருந்ததில் துரு ஏறியிருக்கிறதாம். நான் அடுப்படியில் பொங்கலைக் கிளறிக்கொண்டிருந்தேன். பேச்சு நன்றாகக் கேட்டது.

“நல்லவேள மாப்ள, அன்னிக்கி நீங்க ஹார்டு போட்டீங்க” என்றான் அண்ணன். “சாஃப்ட்டா இருந்திருந்தா எங்காலே போயிருக்கும்.”

“அதத்தான் மச்சான் நானும் சொல்றேன். எதப் போடுறோங்கிறதுதான் முக்கியம். உங்க தங்கச்சிக்குச் சொன்னா புரியுதா?” என்றார் என் கணவர்.

“அவளுக்கு இன்னா தெரியும் மாப்ள” என்று சொல்லிச் சிரித்தான்.

இலை போட்டேன். அண்ணனால் காலை மடக்கித் தரையில் உட்கார முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு தடுமாறினான். நான் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் என் கணவர் எழுந்துபோய் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் முகத்தைத் திருப்பிக்கொண்டதிலிருந்து, முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“பாத்தியா,” என்றான், “மாப்ளக்கி எம்மேல எவ்ளோ பாசம்.”